ஏற்றிய ரத்தம் எங்கே போனது? 82 வயது ஆச்சி ஒருவரின் இதய வால்வு

நான் இதய நிபுணர் அல்ல. திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிறிய ஊரில் பொது மருத்துவம் பார்க்கிறவன். கீழே எழுதியிருப்பது என்னிடம் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும் ஓர் ஆச்சியின் சிகிச்சை விவரம். குடும்பத்தாரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடியவற்றை விட்டுவிட்டேன். திரும்பத் திரும்ப ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்த ஒருவருக்கு உண்மையான கோளாறு இதய வால்வில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க இரண்டு வருஷம் ஆனது. அந்தத் தாமதத்தில் பெரும்பங்கு என்னுடையது.

பின்னணி

2022இல் ஆச்சிக்கு வயது 80. எடை 44 கிலோ. இருபது வருஷமாகச் சர்க்கரை, அதோடு ரத்தக்கொதிப்பு. இளைய மகன் வீட்டில் இருந்தார். வாசல் தெளித்துக் கோலம் போடுவது, கீரை ஆய்வது, வெற்றிலை இடிப்பது எல்லாம் அவரே செய்துகொள்வார். ரத்தம் உறைவதைக் குறைக்கும் ஆஸ்பிரின் தினமும் 75 மி.கி. உண்டு. யார் எதற்காக முதலில் எழுதினார்கள் என்று தெரியாது. மாரடைப்போ பக்கவாதமோ அவருக்கு வந்ததில்லை. பழைய சீட்டில் இருந்ததால் நானும் எழுதிக்கொண்டே போனேன்.

அந்த வருஷம் சோர்வு என்று வந்தார். ஹீமோகுளோபின் 6.8. மலம் சில நாள் கறுப்பாகப் போகிறது என்றார். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும் என்பதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாவட்டத் தலைநகரில் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி, இரைப்பை எண்டோஸ்கோப்பி செய்து, "ஒன்றுமில்லை" என்று அனுப்பினார்கள். மூன்று மாதத்தில் மறுபடி 7.1.

அப்புறம் இதுவே வழக்கமாகிவிட்டது. இரண்டு வருஷத்தில் ஏழு முறை, மொத்தம் 11 பாட்டில். பெருங்குடலைக் குழாய்க் கேமராவால் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியை இரண்டாவது முறை செய்தபோது, பெருங்குடலின் தொடக்கத்தில் சிவந்த, சிலந்தி வலை போன்ற ரத்தக்குழாய் முடிச்சுகள் தெரிந்தன. ஆஞ்சியோடிஸ்பிளேசியா என்பார்கள். ஆர்கான் வாயுவால் சுட்டு அடைத்தார்கள். ஐந்தாவது வாரம் மறுபடி ரத்தப்போக்கு.

நடுவில் ஒரு கடைவாய்ப் பல் எடுத்தபோது சாயங்காலம் வரை ரத்தம் நிற்கவில்லை. பஞ்சு மாற்றி மாற்றி வைத்ததாக மருமகள் சொன்னார். பல் டாக்டர் ஆஸ்பிரினைக் குறை சொன்னார், நானும் ஒப்புக்கொண்டேன்.

ஒருநாள் ஆச்சி என்னிடம், "ஏத்துத ரத்தமெல்லாம் எங்கதான் போவுது, டாக்டர் தம்பி?" என்று கேட்டார். சிரித்து மழுப்பினேன்.

என் பழைய நோட்டில் 2022 ஆகஸ்டில் நானே எழுதிய ஒரு வரி இருக்கிறது: "இதயத்தில் லேசான முணுமுணுப்பு. வயது காரணமாக இருக்கலாம். ரத்தசோகையும் காரணமாகலாம்." எக்கோ (ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன்) எடுக்கச் சொல்லவில்லை.

கண்டது

2024 மார்ச். வடாம் போடும் காலம். ஆச்சி கூழ்ச் சட்டியோடு மொட்டை மாடிக்கு ஏறியவர், பாதிப் படியில் சட்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே சரிந்தார். "கண்ணு இருட்டுதுன்னு சொல்லக்கூட இல்ல சார், சட்டிய மட்டும் பத்திரமா வச்சாங்க" என்றார் மருமகள். ஒரு நிமிஷத்துக்குள் நினைவு வந்துவிட்டது. புருவத்துக்கு மேல் காயம், நான்கு தையல்.

வழக்கம்போல் ஹீமோகுளோபின் பார்த்தேன். 9.1. பத்து நாள் முன்புதான் ரத்தம் ஏற்றியிருந்தது. எல்லாவற்றையும் ரத்தசோகையின் தலையில் போட்டுப் பழகியவனுக்கு அன்று அந்த வழி அடைபட்டது. படி ஏறும்போது மயக்கம், அதுவும் ரத்தம் ஓரளவு இருக்கும்போது.

கழுத்து நாடியில் விரல் வைத்தேன். நாடி தட்டவில்லை, மெல்ல ஊறி வந்து மெல்ல அடங்கியது. ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சின் வலது மேல்புறம், இரண்டாவது விலா இடுக்கில் வைத்தேன். மரம் அறுப்பது போன்ற கரடுமுரடான சத்தம், கழுத்து வரை ஏறியது. இதயத்தின் இரண்டாவது ஒலி கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஆனால் இடது மார்புக்குக் கீழே, நான் எப்போதும் சேலைக்கு மேலேயே அவசரமாக வைத்துக் கேட்ட இடத்தில், அதே சத்தம் மெல்லிய இசைபோல் கேட்டது. வால்வுச் சுருக்கத்தின் முணுமுணுப்பு வயதானவர்களிடம் இப்படி இடத்துக்கு இடம் குரல் மாற்றிக்கொள்வதற்குக் கலவர்தான் என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயரே உண்டு. படித்ததுதான். பரீட்சையோடு மறந்துபோனது.

எக்கோவில் வந்தவை: இதயத்திலிருந்து பெருந்தமனிக்கு ரத்தம் போகும் வாசலான அயோர்ட்டிக் வால்வின் திறப்பு 0.6 சதுர செ.மீ., வால்வைத் தாண்டும் ரத்தத்தின் வேகம் விநாடிக்கு 4.6 மீட்டர், சராசரி அழுத்த வித்தியாசம் 52 மி.மீ. பாதரசம். திறப்பு 1 சதுர செ.மீ.க்குக் கீழே போனாலோ, வேகம் 4 மீட்டரையோ அழுத்தம் 40ஐயோ தொட்டாலோ கடுமையான சுருக்கம் என்பது கணக்கு. ஆச்சிக்கு மூன்றுமே தாண்டியிருந்தது. நல்ல வால்வு 3 முதல் 4 சதுர செ.மீ. வரை திறக்கும். இதயத்தின் பம்ப் செய்யும் திறன் மட்டும் 50 சதவீதத்தில் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தது. இ.சி.ஜி.யில் வலது கிளை மின்தடை, அதாவது இதயத்துக்குள் மின்னோட்டம் போகும் இரண்டு கிளைகளில் வலதில் தடை. இது பின்னால் முக்கியமாகும்.

குடலுக்கும் வால்வுக்கும் என்ன தொடர்பு

குடலில் ரத்தம் கசிவதும் அயோர்ட்டிக் வால்வு சுருங்குவதும் ஒரே ஆளிடம் அடிக்கடி சேர்ந்து வருகின்றன என்று எட்வர்ட் ஹைட் என்ற அமெரிக்க மருத்துவர் 1958இல் ஒரு மருத்துவ இதழுக்குச் சின்னக் கடிதம் எழுதினார். ஏன் என்று அவருக்குத் தெரியாது. பல வருஷம் கழித்துத்தான் காரணம் பிடிபட்டது.

ரத்தத்தில் வான் வில்லிபிராண்ட் காரணி என்று நீளமான சங்கிலிபோன்ற ஒரு புரதம் இருக்கிறது. குழாய் கிழிந்த இடத்தில் தட்டணுக்களைப் பிடித்து ஒட்டவைப்பது அதன் வேலை. பந்துபோல் சுருண்டு கிடக்கும் இது, குறுகிய வால்வு வழியாக ரத்தம் பீய்ச்சியடிக்கும்போது இழுபட்டு விரிந்துவிடுகிறது. விரிந்ததை ஒரு நொதி வெட்டித் துண்டாக்குகிறது. நீளச் சங்கிலிகள் போய்விடுவதால், குடலில் இருக்கும் நொய்ந்த குழாய் முடிச்சுகள் கசிந்தால் நிற்பதில்லை. பல் பிடுங்கிய இடத்திலும் அதே கதைதான். வால்வை மாற்றிய மறுநாளே இந்தப் புரதக் குறைபாடு சரியாகத் தொடங்குவதைப் பிரான்சின் லில் நகர மருத்துவர்கள் 2003இல் காட்டினார்கள்.

ஆச்சிக்கு அந்தப் புரதச் சங்கிலிப் பரிசோதனை செய்யவில்லை. எங்களுக்கு எட்டிய ஆய்வகங்களில் அது கிடையாது. வால்வு, குடல் முடிச்சு, பல் எடுத்த கதை மூன்றையும் சேர்த்து வைத்துத்தான் முடிவுக்கு வந்தோம்.

எடுத்த முடிவுகள்

முதல் வேலையாக ஆஸ்பிரினை நிறுத்தினேன். அதற்கு யாரிடமும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

பெருநகரம் ஒன்றில் உள்ள இதய மருத்துவமனைக்கு அனுப்பினோம். அங்கே இதய நிபுணர், இதய அறுவை நிபுணர், மயக்க மருத்துவர் மூவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசினார்கள். என்னையும் அழைத்தது அவர்கள் பெருந்தன்மை.

சும்மா விட்டால் என்ன ஆகும் என்பதிலிருந்து தொடங்கினார்கள். வால்வுச் சுருக்கத்தால் மயக்கம் வரத் தொடங்கியபின் சராசரி ஆயுள் சுமார் 3 வருஷம், இதயச் செயலிழப்பு வந்தபின் 2 வருஷம் என்பது 1968இலிருந்து சொல்லப்பட்டு வரும் கணக்கு. மாத்திரையால் வால்வு விரியாது.

பலூனால் மட்டும் விரித்துவிட்டால்? பிரான்சின் ரூவான் நகரில் அலன் கிரிபியே 1985இலேயே செய்து காட்டிய முறைதான். ஆனால் சில மாதங்களில் வால்வு பழையபடி இறுகிவிடும். அந்த ஏமாற்றம்தான் கிரிபியேவை, ஸ்டென்ட் என்ற கம்பி வலைக் குழாய்க்குள் வால்வைத் தைத்து, நெஞ்சைத் திறக்காமல் ரத்தக்குழாய் வழியாகக் கொண்டுபோய் வைக்கும் யோசனைக்குத் தள்ளியது. 2002 ஏப்ரல் 16 அன்று அதை முதன்முதலில் ஒரு மனிதருக்குப் பொருத்தினார். இப்போது டாவி என்று சொல்கிறோமே, அது பிறந்தது அங்கேதான்.

நெஞ்சைத் திறந்து செய்யும் அறுவையை அறுவை நிபுணரே முதலில் ஒதுக்கினார். அறுவையில் உயிர் போகும் வாய்ப்பைக் கணிக்கும் ஆபத்து மதிப்பெண் கணக்கில் ஆச்சிக்கு 7 சதவீதம் வந்தது. நடுத்தர ஆபத்து என்ற பெட்டியில் விழும் எண் அது. ஆனால் மதிப்பெண்ணுக்குள் அடங்காத விஷயங்கள் இருந்தன. 5 மீட்டர் தூரத்தை நடக்க ஆச்சிக்கு 9 விநாடி ஆனது. 6 விநாடிக்கு மேல் போனாலே தளர்ச்சி என்று கொள்வார்கள். ரத்தப் புரதமான அல்புமின் 3.1, குறைவு. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.5, அதிகம். போதாததற்கு, இதய நுரையீரல் இயந்திரத்தில் போடும்போது ரத்தம் உறையாமலிருக்க ஹெபாரின் நிறையக் கொடுக்கவேண்டும். "ஏற்கெனவே கசியுற குடல். நான் கை வைக்க மாட்டேன்" என்றார்.

டாவி பக்கம் எடுத்துவைத்த ஆதாரம் 2010இல் வெளியான பார்ட்னர் ஆய்வு. அறுவைக்கே தகுதியில்லை என்று கைவிடப்பட்டவர்களில், டாவி செய்யாதோர் பிரிவில் ஒரு வருஷத்துக்குள் 50.7 சதவீதம் பேர் இறந்தார்கள். செய்தோர் பிரிவில் 30.7. எனக்கு இந்த இரண்டாவது எண்தான் அதிகம் உறுத்தியது. வால்வு வைத்தும் பத்தில் மூன்று பேர் போய்விட்டார்கள். ஆச்சி எந்தப் பக்கம் விழுவார்?

மூத்த மகனுக்கும் இதே கேள்விதான், வேறு சொற்களில். "வயசாச்சு சார், இவ்வளவு செலவு பண்ணி..." என்று இழுத்தார். வால்வின் விலையே பல லட்சம். குஜராத்தின் வாபியில் தயாராகும் வால்வு வந்தபின் தேர்வு கூடியிருக்கிறது என்றாலும், வயல் வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது வயலின் விலைதான். அண்ணன், தம்பி, தங்கை மூன்று பேரும் காரிடாரில் நின்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் ஆச்சியிடம் கேட்கவில்லை. நான் உள்ளே போய்க் கேட்டேன்.

"நெஞ்சக் கீறணும்னா வேண்டாம். கீறாம ஆவும்னா செய்யுங்க. ரத்தப் பாட்டில அண்ணாந்து பாத்துக்கிட்டுக் கெடக்க என்னால முடியாது தம்பி. மாடிக்கு ஏறணும்."

அதைக் கூட்டத்தில் அப்படியே சொன்னேன். ஆச்சிக்கு நினைவு தெளிவு, படுக்கையில் விழுந்தவர் அல்ல, சோர்வுக்கும் ரத்தப்போக்குக்கும் ஒரே காரணம், அது திருத்தக்கூடிய காரணம். டாவி என்று முடிவானது. 80 வயதைத் தாண்டியவர்களுக்கு டாவியே முதல் தேர்வு என்று அமெரிக்க வழிகாட்டியும் (2020), 75 தாண்டினாலே போதும் என்று ஐரோப்பிய வழிகாட்டியும் (2021) அப்போதே சொல்லியிருந்ததால், இதில் புரட்சி ஒன்றுமில்லை.

சண்டை வந்தது எந்த வால்வு என்பதில்தான். சி.டி. ஸ்கேனில் ஆச்சியின் வால்வு வளையம் 370 சதுர மி.மீ., சிறியது. 430க்குக் கீழே இருக்கும் வளையங்களில் தானாக விரியும் வால்வு, பலூனால் விரிக்கும் வால்வைவிட நன்றாக வேலை செய்கிறது என்ற ஸ்மார்ட் ஆய்வு அந்த ஏப்ரலில்தான் வெளியாகியிருந்தது: ஒரு வருஷத்தில் வால்வுச் செயல்பாட்டுக் குறை 9.4 சதவீதம், எதிர்ப்பக்கம் 41.6. ஆனால் தானாக விரியும் வகை, இதயத்தின் மின்கம்பியை அழுத்தி பேஸ்மேக்கர் தேவையைக் கூட்டும். ஆச்சிக்கு வலது கிளை ஏற்கெனவே தடைபட்டிருந்தது. இருக்கும் ஒரே இடது கிளையும் அழுந்தினால் பேஸ்மேக்கர் உறுதி. இளைய நிபுணர் பலூன் வகையை வைக்கலாம் என்று வாதாடினார். வளையத்தின் ஓரத்தில் கெட்டியாக நின்ற சுண்ணாம்புக் கட்டியைக் காட்டி, பலூன் ஊதினால் வளையமே கிழியலாம் என்றார் மூத்தவர். அழுத்த வித்தியாசம் மிச்சமிருந்தால் புரதம் வெட்டுப்படுவதும் தொடரும் என்பதும் அவர் பக்கம் நின்றது. தானாக விரியும் வகை என்று முடிந்தது. பேஸ்மேக்கர் வரலாம் என்று குடும்பத்திடம் முன்கூட்டியே சொன்னார்கள். அது நல்ல காரியம். பின்னால் கோபம் வரவில்லை.

சிறுநீரகத்தை நினைத்து, சி.டி.க்கான சாய மருந்தைக் குறைத்துக் கொடுத்தார்கள். வால்வை உள்ளே கொண்டுபோகும் வழி தொடைத் தமனி: வலது 6.1 மி.மீ., இடது 5.2, அதுவும் சுண்ணாம்பு சூழ்ந்தது. வலது பக்கம் போதும். முன்னதாக இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி ஹீமோகுளோபினை 10க்குக் கொண்டுவந்தார்கள்.

சிகிச்சை நாள்

ரத்தக்குழாய் வழியாக இதயச் சிகிச்சை செய்யும் அறையான கேத் லேபில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். ஆச்சிக்கு முழு மயக்கம் கொடுக்கவில்லை, தூக்கக் கலக்கம் மட்டும். நடுவில் ஒருமுறை "குளுருது" என்று சொன்னது மைக்கில் கேட்டது.

திரையில் இரண்டு கோடுகள். மேலே இடது கீழறையின் அழுத்தம், அதற்கு வெகு கீழே பெருந்தமனியின் அழுத்தம். இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளிதான் ஆச்சியின் நோய் மொத்தமும். சிறிய பலூனால் வழியைக் கொஞ்சம் விரித்து, வால்வை உறையிலிருந்து மெல்ல வெளியே விட்டார்கள். முதல் தடவை ஆழமாக இறங்கிவிட்டதால் மறுபடி உறைக்குள் இழுத்து, சற்று மேலே வைத்து விட்டார்கள். வால்வு முழுதாக விரிந்ததும் அந்த இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன. சராசரி வித்தியாசம் 8. ஓரத்தில் லேசான கசிவு.

அதே நேரத்தில் இதயத் துடிப்பு 34க்கு விழுந்தது. தயாராக வைத்திருந்த தற்காலிகக் கம்பி வேலையைப் பார்த்துக்கொண்டது. மூன்று நாள் காத்திருந்தும் மின்னோட்டம் திரும்பவில்லை. நான்காம் நாள் நிரந்தர பேஸ்மேக்கர். கிரியாட்டினின் 1.9 வரை ஏறி, பழைய 1.5க்கு இறங்கியது. எட்டாம் நாள் வீடு.

வீடு திரும்பிய பின்

வீட்டுக்குப் போன பதினோராம் நாள் மகன் வந்தார். "அம்மாவுக்கு மறுபடியும் கறுப்பா போவுது சார்."

மாத்திரை டப்பாவைக் கொண்டுவரச் சொன்னேன். ஆஸ்பிரினும், அதைப்போலவே ரத்தம் உறைவதைக் குறைக்கும் குளோபிடோக்ரெலும் இருந்தன. டிஸ்சார்ஜ் சம்மரியில் இரண்டும் ஆறு மாதத்துக்கு என்று அச்சாகியிருந்தது. கூட்டத்தில் பேசி முடிவெடுத்தது இதுவல்ல. நான்கு வாரம் ஒன்றும் வேண்டாம், பிறகு ஆஸ்பிரின் மட்டும் என்பதே முடிவு. என் காதால் கேட்டேன். தொலைபேசியில் விசாரித்தபோது விஷயம் எளிதாக இருந்தது: டாவி நோயாளிகளுக்கென்று கணினியில் ஒரு பழைய அச்சு வடிவம், அதில் இரண்டு மருந்தும் தானாக வந்து உட்காரும். பணியிலிருந்த பயிற்சி மருத்துவர் பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றியிருக்கிறார். ஒருகாலத்தில் எல்லோருக்கும் இரண்டு மருந்துதான் வழக்கம். 2020இல் நெதர்லாந்து ஆய்வு ஒன்று, ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் ஒரு வருஷத்தில் ரத்தப்போக்கு 15.1 சதவீதம், இரண்டும் எடுத்தவர்களில் 26.6 என்று காட்டிய பிறகு வழக்கம் மாறியது. அச்சு வடிவம் மாறவில்லை.

ஹீமோகுளோபின் 9.8லிருந்து 7.9க்கு வந்திருந்தது. இரண்டையும் நிறுத்தி ஒரு பாட்டில் ஏற்றினோம். ஆச்சிக்கு ஏற்றிய கடைசி ரத்தம் அதுதான். ஒரு மாதம் கழித்து ஆஸ்பிரினையும் வயிற்றுக்குப் பாதுகாப்பாக பான்டப்ரசோலையும் தொடங்கினோம்.

இதை எழுதும்போது 16 மாதம் ஆகிறது. ஹீமோகுளோபின் 11.2. எக்கோவில் அழுத்த வித்தியாசம் 9, கசிவு லேசாகவே இருக்கிறது. 5 மீட்டர் நடக்க ஆறரை விநாடி. குடல் முடிச்சுகள் எங்கும் போய்விடவில்லை. ஒருமுறை இரண்டு நாள் கறுப்பாகப் போய்த் தானே நின்றது. எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்லமுடியாது. மூட்டுவலி அப்படியே. பெயர்கள் மறக்கின்றன. பேஸ்மேக்கரைத் தடவித் தடவி, "இந்தப் பாட்டரி தீந்தா நானும் தீந்தேனா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறார். 2025 வடாம் சமயத்தில் மாடிக்கு ஏறினார், நடுவில் ஒருமுறை நின்று. பிழிந்தது மருமகள். ஆச்சி குடை பிடித்துக்கொண்டு காக்கை விரட்டினார்.

மாற்றிச் செய்வது

2022 ஆகஸ்டில் ஓர் எக்கோ. அவ்வளவுதான். 11 பாட்டிலில் எத்தனை மிச்சமாகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதில் பயனில்லை, ஆனால் ஒரு எக்கோவின் செலவு ஒரு தடவை ரத்தம் ஏற்ற ஆகும் செலவைவிடக் குறைவு. இப்போது வயதானவர்களை மேல்துணியை விலக்கச் சொல்லி நான்கு இடத்திலும் கேட்கிறேன். கூச்சப்படுபவர்களுக்கு மருமகளையோ நர்ஸையோ பக்கத்தில் நிற்கவைக்கிறேன்.

"வயது காரணமாக இருக்கலாம்" என்ற வரியை நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். காரணம் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுதுகிறேன். அப்படி எழுதினால் அடுத்த தடவை உறுத்துகிறது.

ஆச்சியை வீட்டுக்கு அனுப்பிய மூன்றாம் நாளே நான் பார்த்திருக்கவேண்டும். இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னது நான்தான். பெரிய மருத்துவமனையின் சம்மரியைப் படித்துச் சரிபார்ப்பது மரியாதைக்குறைவு என்ற நினைப்பும் உள்ளூர இருந்தது. இப்போது ஊருக்கு வந்த அன்றே மாத்திரை டப்பாவும் சம்மரியும் என் மேஜைக்கு வரவேண்டும் என்று சொல்லியனுப்புகிறேன். அந்த மருத்துவமனையில் அச்சு வடிவத்தை மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள்.

வால்வுத் தேர்வைப் பற்றி எனக்கு இன்னும் முழுத் திருப்தியில்லை. பலூன் வகை வைத்திருந்தால் பேஸ்மேக்கர் தப்பியிருக்குமோ என்று இளைய நிபுணர் பின்னால் ஒருமுறை சொன்னார். வளையம் கிழிந்திருக்கவும் கூடும். இரண்டில் எது என்று இனி யாரும் சொல்லமுடியாது.

என் பழைய நோட்டுகளைப் புரட்டி, 75 வயதுக்கு மேல், காரணம் பிடிபடாமல் இரண்டு முறைக்கு மேல் ரத்தம் ஏற்றியவர்களின் பெயர்களைத் தனியாக எழுதினேன். ஒன்பது பேர். ஆறு பேருக்கு எக்கோ முடிந்தது. அதில் ஒருவருக்கு வால்வு 0.8. இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். மிச்சமிருக்கும் ஒரு தாத்தா, எக்கோவெல்லாம் வேண்டாம், சத்து ஊசி போட்டால் போதும் என்கிறார். அடுத்த வாரம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன்.